ஆறு, வரட்டும், எட்டு

அந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது. இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் ஆகல.

உங்களுக்கும் தெரிஞ்சவருதான். பேரு சொல்ல மாட்டேன், சொன்னா உடனே சிரிக்க ஆரம்பிச்சிடுவீங்க, நான் சொல்ல வந்தது நின்னுடும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டிவியில ஒண்டி ஆளா வந்து அரை மணி நேரம் கச்சேரி பண்ணுவாரு. ரயில் வர்ற சத்தம், கொழந்த அழுவற சத்தம், ரேடியோ நியூஸ் வாசிக்கிறவரு, கல்யாண வூட்டுல பந்திக்கு முட்டி மோதற பெரியப்பா, எல்லாம் ஒரே வாயி. கடைசியில ஒரு கண்டாங்கியை அள்ளிச் செருகிகினு, தலையில சும்மாடு, அதுமேல அன்னக்கூடைன்னு காசிமேட்டு மீன்காரியா வந்து நிப்பாரு. அவரு வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே விசில் பறக்கும்.

மீன்காரி மீன் எண்ணுவா. "லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, வரட்டும், எட்டு!" ஒண்ணுக்கு லாபம்னு சொல்றது எங்க சந்தையில எல்லாரும் செய்யறது, அதுல தப்பில்ல. ஆனா அந்த 'வரட்டும்' இருக்கு பாருங்க, அங்க மட்டும் கூடையிலேருந்து மீன் வராது. வெறும் கையை மூடிக் காத்துல ஒரு ஆட்டு, கேமராவைப் பாத்து ஒரு கண்ணடி. "இன்னாமே, ஏழாவது எங்க?"ன்னு வாங்க வந்தவன் கேப்பான், அந்தக் குரலும் அவருதுதான். "அதான் வரட்டும்னு சொன்னேனே நைனா, நாளைக்கி வரட்டும், வந்து வாங்கிக்க!" அவ்ளோதான் ஜோக்கு. மீன்காரி ஒரு மீனை அமுக்கிட்டா. இதுக்கு ஒரு நாடே வயித்தைப் புடிச்சிகினு சிரிச்சது.

எங்கம்மா நிஜ மீன்காரி. காசிமேட்டுல விடிகாலை ஏலத்துல எடுத்து, பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல தெருத்தெருவா வித்தவ. கண்டக்டர் மூக்கைப் புடிச்சிகினு எறக்கி விட்டா நடந்தே போவா. அவளும் அப்படித்தான் எண்ணுவா. ஆறு, வரட்டும், எட்டு. ஒரே ஒரு வித்தியாசம், அம்மா 'வரட்டும்'னு சொல்லும்போது வாங்கறவங்க பாத்திரத்துல மீன் ஒண்ணு சரியா வுழும். எவனையும் அவ ஏமாத்தினதில்ல. வாய்தான் ஏழுன்னு சொல்லாது.

டிவியைப் பாத்துதான் அம்மா கத்துக்கிட்டான்னு நான் நெனச்சேன். நெனைக்க நியாயம் இருந்தது. படகு ஓனர் வூட்டுல ஒரே ஒரு டிவி, அதுக்கு முன்னாடி மொத்தக் குப்பமும் குந்திகினு இருக்கும். மறுநாள் தண்ணி லாரி வந்தா, "ஆறாவது கொடம் என்துமே, வரட்டும் கொடம் உன்து"ன்னுதான் சண்டையே நடக்கும். நம்மளைத் திருடின்னு ஒருத்தன் டிவியில காட்றான், இதுங்க அவன் சொன்னதையே சொல்லிச் சிரிக்குதுங்களேன்னு எனக்குப் பத்திகினு வரும். அதுல முதல் வரிசையில குந்திகினு சிரிக்கிறது எங்கம்மா.

கேட்டா தலைகீழாச் சொல்லுவா. "நான் அவனைப் பாத்து பண்லடி, அவன்தான் என்னைப் பாத்து பண்றான். குவார்ட்டர்ஸ்ல ஒண்டிக்கட்டையா இருந்தப்ப எங்கிட்டதான் மீனு வாங்குவான். மாடிப்படிக்குக் கீழ குந்திகினு நான் பேசறதையே பாத்துகினு இருப்பான்."

"தோடா!" என்பேன்.

வேற இன்னா சொல்றது? எங்க ஏரியாவுல பாதிப் பேரு சினிமாக்காரனுக்கு பீடி குடுத்தவங்க, மீதிப் பேரு அவனுக்கு வழி காட்டினவங்க. அதுல எங்கம்மா ஒரு ஆளு. அந்தாளோ எந்தப் பேட்டியில கேட்டாலும் கண்ணை மூடிக் கும்புட்டு, "அந்த மீன்காரியை சாமி என் கனவுல வந்து குடுத்தாரு" என்பாரு. சாமிக்கு வேற வேலை இல்ல பாருங்க, கனவுல வந்து ஒருத்தருக்கு மீன் திருடக் கத்துக் குடுக்குது. நான் சாமியை நம்பல, அம்மாவையும் நம்பல.

ஊருக்குத் தெக்கால ஒரு காலேஜுல சேர்ந்தேன். எங்க குப்பத்துலேருந்து காலேஜ் போன முதல் பொண்ணு நானு. முதல் நாள் ஒவ்வொருத்தரா எழுந்து வூடு எங்கன்னு சொல்லணும். எழுந்து, "காசிமேட்டாண்ட கீது மேடம்"னேன். அந்த 'கீது' என் வாயிலேருந்து வுழுந்ததுதான் தாமதம், பின்னாடி பெஞ்சுலேருந்து ஒருத்தி, "ஆறு, வரட்டும், எட்டு!"ன்னா. கிளாஸே சிரிச்சது. மேடமும் சிரிச்சாங்க, கொஞ்சமாத்தான், கர்ச்சீப்பை வாயில வெச்சுகிட்டு. மூணு வருஷமும் எனக்கு அதுதான் பேரு. வரட்டும். கேன்டீன்ல சமோசா எண்ணினா வரட்டும், அட்டெண்டன்ஸ்ல ஏழாவது பேரு வந்தா எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். கண்ணாடி முன்னாடி நின்னு 'இருக்கிறது, இருக்கிறது'ன்னு நூறு வாட்டி சொல்லிப் பழகினேன். அந்த ஆளு நாசமாப் போகணும்னு கர்த்தர் கிட்டயும் வேண்டினேன், அங்காளம்மன் கிட்டயும் வேண்டினேன். ரெண்டு பேருமே கண்டுக்கல. அவரு வாரா வாரம் பளபளன்னு வந்துகினே இருந்தாரு.

ரெண்டாவது வருஷம் நாலு பொண்ணுங்க கடல் பாக்கணும்னு எங்க வூட்டுக்கு வந்தாங்க. அம்மா குதிச்சிகினு போயி சங்கரா மீனு வாங்கியாந்து பொரிச்சா. தட்டுல எண்ணி வெச்சா. லாபம், ரெண்டு, மூணு... நாலுன்னு வரும்போதே அந்தப் பின்பெஞ்சுக்காரி உதட்டைக் கடிச்சிகினு அடக்க ஆரம்பிச்சிட்டா. எனக்கு உசிரே போச்சு. அம்மாவை ஒரு பார்வை பாத்தேன். பெத்தவளை யாரும் அப்படிப் பாக்கக் கூடாது. அம்மா 'ஆறு'ன்னு சொல்லி, கையில மீனோட நின்னா. என் மூஞ்சியைப் பாத்தா.

"ஏழு"ன்னா.

நல்லா, தெளிவா, பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னா. மீனைத் தட்டுல வெச்சிட்டு உள்ள போனவ அவங்க கெளம்பற வரைக்கும் வெளிய வரல. அப்பாடா, சொன்னா சொல்ல வருது இல்ல, இத்தனை நாள் வேணும்னேதான் பண்ணியிருக்கான்னு நெனச்சுகிட்டேன். எனக்கு அன்னிக்கு ஜெயிச்ச மாதிரிதான் இருந்தது.

அப்புறம் வேலை கெடைச்சது. துறைமுகத்துக்கு எதிர்ல ஒரு ஷிப்பிங் ஆபீஸ், கன்டெய்னர் பேப்பர் பாக்கற வேலை. கல்யாணமாகி திருவொத்தியூர்ல ஒரு ஃபிளாட் வாங்கினோம், நாலாவது மாடி. மணலி ஃபேக்டரிக் காத்து திரும்பினா ஜன்னலைச் சாத்திடணும், மத்தபடி நல்ல வூடு. மூட்டு தேஞ்சு போனதும் அம்மா கூடையை யாருக்கோ குடுத்துட்டு எங்ககூட வந்துட்டா. கொண்டு வந்தது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு போட்டோ. போட்டோ அவ தம்பி. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே கடலுக்குப் போயித் திரும்பாதவரு. எங்க குப்பத்துல வூட்டுக்கு ஒரு போட்டோ அப்படி இருக்கும். மத்த வூட்டுல மாலை போட்டு, பொட்டு வெச்சு, சின்ன பல்பு எரியும். எங்க வூட்டுல மாலையும் இல்ல, பொட்டும் இல்ல, வெறும் போட்டோ. அம்மாவுக்கு சோம்பேறித்தனம்னு விட்டுட்டேன்.

டிவியிலேருந்து அந்தாளு மறைஞ்சதும் நிம்மதியா இருந்தேன். போன் வந்து கெடுத்துச்சு. எவனோ பழைய கேசட்டையெல்லாம் தோண்டி எடுத்து ஏத்திட்டான். கோடு கோடா ஓடுது, மூஞ்சி பச்சையாத் தெரியுது, ஆனாலும் ஜனம் லட்டு மாதிரி பாக்குது. அவரு செத்தே போயிட்டாருன்னு நெனைக்கிற வயசுப் பசங்கள்லாம் சும்மாடு கட்டிகினு ரீல்ஸ் போடுதுங்க. அந்தாளு சாகவும் இல்ல, அது வேற. அம்மாவுக்குப் போன்ல நம்பர் போடத் தெரியாது, ஆனா அவரைத் தேடி எடுக்கத் தெரியும். மத்தியானம் பூரா எங்க ஹால்ல "ஆறு, வரட்டும், எட்டு"தான்.

வயித்தெரிச்சலோட ஒண்ணு ஒத்துக்கறேன். இப்பத்த காமெடி நிகழ்ச்சியைப் பாத்தீங்கன்னா, ஒருத்தன் ஜோக்கு சொல்ல, சிரிக்கிறதுக்குன்னே நாலு பேரு சோபாவுல. டொய்ங்னு ஒரு சத்தம், பூ கொட்டும், ஒருத்தரு எழுந்து வந்து கட்டிப் புடிச்சு அழுவாரு. இத்தனை செலவு பண்ணியும் வூட்டுல குந்தினு இருக்கற நமக்கு உதடு பிரியாது. அந்தாளுக்கு ஒரு மைக்கு, ஒரு சேலை. அடுத்தது இன்னா வரும்னு எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சேதான் காத்துகினு இருப்பாங்க. நம்ம ஜனத்துக்குப் புது ஜோக்கு சொன்னா பக்கத்துல இருக்கறவன் மூஞ்சியைப் பாக்கும், அவன் சிரிச்சாதான் சிரிக்கும். பழைய ஜோக்குன்னா சொல்றவனுக்கு முந்தி சிரிச்சிடும். அதான் அந்தாளு இத்தனை வருஷம் ஓட்டறாரு.

போன பொங்கலுக்கு எங்க ஃபிளாட்டு விழாவுல அவரோட கச்சேரின்னு முடிவாச்சு. முடிவு பண்ணினது செக்ரட்டரி. தூத்துக்குடிப் பக்கத்து ஆளு, கொருக்குப்பேட்டையில மொத்த மளிகை. "அக்கா, அவுக வாராவ! ஒத்துக்கிட்டாவ!"ன்னு லிஃப்ட்ல நின்னு குதிச்சாரு. அவரை வரவேத்துப் பேசறதுக்கு மெட்ராஸ் பாஷை வேற பழகினாரு. 'இன்னா நைனா, ஷோக்கா கீறியா' என்கிறதை அந்த மனுஷன் இழுத்த இழுப்பு இருக்கே, கேட்டுகினு இருந்த வாட்ச்மேன் கேட்டைத் தொறந்துகினு ரோட்டுக்கே போயிட்டாரு.

அம்மா விட மாட்டா. நேரா மேடையில போயி, "என்னைப் பாத்துதானடா பண்ண"ன்னு கேப்பா. அந்தாளு யாருன்னே தெரியாதுன்னு கையை விரிப்பாரு, இல்ல சாமி கனவுன்னு ஆரம்பிப்பாரு. நூத்துக்கணக்கான பேரு சிரிப்பாங்க. என்னைப் பாத்து ஒரு கிளாஸே சிரிச்சது எனக்குப் பழகிப் போச்சு. எழுபது தாண்டின எங்கம்மாவைப் பாத்து, அவ ஆயுசு பூரா சொல்லிகினு வந்த ஒரே பெருமையை வெச்சு, ஒரு காம்பவுண்டே சிரிக்கணுமா? அதை என்னால பாக்க முடியாது. அதனால பொய் சொன்னேன். "அந்தாளுக்கு ஜுரமாம்மா, வரலியாம்." அம்மா தைலம் தேச்சிகினு படுத்துட்டா.

செக்ரட்டரி இன்னா பண்ணாரு தெரியுமா? சாயங்காலம் அஞ்சு மணிக்கு மைக் டெஸ்டிங்ன்னு அந்தாளையே பேச வெச்சாரு. நாலாவது மாடி பால்கனி வரைக்கும் "இன்னாமே!"ன்னு ஒரு குரல் வந்துச்சு. நான் கீழ நாற்காலி போட்டுகினு இருந்தேன். திரும்பிப் பாக்கறேன், அம்மா செருப்பு கூட இல்லாம லிஃப்ட்லேருந்து வெளிய வர்றா. என்னைத் தாண்டிப் போயி முதல் வரிசையில குந்தினா.

"ஜுரம் எறங்கிட்ச்சாட்டம் கீது"ன்னா.

அந்தாளைப் பாத்து எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வத்திப் போயிட்டாரு. வேட்டி கட்டின வயசான பையன் ஒருத்தரு கைத்தாங்கலா மேடையில ஏத்தினாரு, அவரோட மகனாம். ரயில் விட்டாரு, பாதி ரயில்லயே மூச்சு வாங்குச்சு. கொழந்த அழுதாரு, ரேடியோ வாசிச்சாரு. ஜனம் எல்லாத்துக்கும் கை தட்டுச்சு. கடைசியில திரும்பி நின்னு சேலையைச் செருகிகினு, சும்மாடு வெச்சு, கூடையோட இந்தப் பக்கம் திரும்பினாரு பாருங்க, வயசு எங்க போச்சுன்னே தெரியல. இடுப்புல கை, தலையில ஒரு சாய்ப்பு. எங்கம்மா நிக்கற மாதிரியே நின்னாரு. நானும்தான் இத்தனை வருஷமா டிவியில பாத்தேன், அது என் கண்ணுல பட்டதே இல்ல.

"இன்னாமே, கூறு வாங்க ஒரு கிராக்கியும் இல்லியா? யாராச்சும் மேல வாங்கமே!"

அவரு சொல்லி முடிக்கல, அம்மா படியைப் புடிச்சிகினு ஏற ஆரம்பிச்சிட்டா. நான் ஓடினேன். செக்ரட்டரி குறுக்க வந்து, "அக்கா, பெரியம்மா ஆசப்படுதாவ, விடுங்க"ன்னாரு. அவரைத் தள்ளிட்டு நான் ஏறறதுக்குள்ள எண்ண ஆரம்பிச்சிட்டாங்க. பிளாஸ்டிக் மீனு. லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. கீழ மொத்த ஜனமும், "வரட்டும்!"ன்னு கத்துச்சு. அந்தாளு கையை மூடினாரு. அம்மா அந்தக் கையைக் கப்புனு புடிச்சா.

"டேய்! வரட்டும்னா மீனை வெய்டா! ஒரு நாளாச்சும் உன்னை ஏமாத்திக் குட்த்துகீறனா நானு?"

சிரிப்புன்னா சிரிப்பு. ஏற்பாடு பண்ணின ஆளுன்னே ஜனம் முடிவு பண்ணிடுச்சு. நான் அம்மா தோளைப் புடிச்சு இழுக்கப் போனேன். அந்தாளு அம்மா மூஞ்சியையே பாத்துகினு இருந்தாரு. மைக்கை மெதுவா எறக்கினாரு. மீன்காரி குரல் இல்ல, ரயில் குரல் இல்ல, நான் அதுவரைக்கும் கேட்டே இருக்காத ஒரு சாதாரண கெழவர் குரல்ல கேட்டாரு.

"தம்பி வந்தாராம்மா?"

"இன்னும் இல்ல நைனா"ன்னா அம்மா.

அவரு தலையை ஆட்டினாரு. குனிஞ்சு கூடையிலேருந்து ஒரு மீனை எடுத்து அம்மா உள்ளங்கையில வெச்சாரு. அப்புறம் மைக்கைத் தூக்கி, "எட்டு!"ன்னாரு. கை தட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆச்சு. பக்கத்துல நின்ன எனக்கு ஒண்ணும் புரியல.

வூட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எந்தத் தம்பிம்மா?"

அம்மா சுவத்துல இருந்த போட்டோவைக் காட்டினா. சொன்னா. மீன் புடிக்க லாஞ்சுல ஏழு பேரு போனாங்க. புயல்ல கவுந்து ஆறு பேரு கரைக்கு வந்தாங்க. இவரு வரல, ஒடம்பும் ஒதுங்கல. எல்லாரும் காரியம் பண்ணச் சொன்னாங்க, அம்மா ஒத்துக்கல. மாலை போடல, பொட்டு வெக்கல. கரையில தலை எண்ணினப்ப ஆறோட நின்னுச்சாம். 'ஏழாவது வரட்டும்'னு அம்மா சொன்னாளாம். அன்னிலேருந்து எதை எண்ணினாலும் அப்படித்தான்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு. "இது தெரிஞ்சேவா அந்தாளு அதைத் திருட்டு ஜோக்கு ஆக்கினான்? பாவி! நீயும் முன்னாடி குந்திகினு சிரிச்சியே!"

"முத வாரம் எனக்கும் பேஜாராத்தான் இருந்துச்சு. அவனைக் கண்டா கிழிச்சிடலாம்னுதான் இருந்தேன். மறு வாரம் பாத்தா குப்பமே வரட்டும் வரட்டும்னுது. அப்பால ஊரே சொல்லுது. நான் ஒண்டியா கூப்டுகினு இருந்தேன், இப்ப அல்லாரும் கூப்புடறாங்க. எங்க இருந்தாலும் என் தம்பி காதுல வுழாதா?"

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"கேட்டாத்தான சொல்றதுக்கு. அந்தாளு கேட்டான். மீனு வாங்க வந்தவன், இன்னாத்துக்கும்மா ஏழு சொல்லலன்னு கேட்டான்." கையில இருந்த பிளாஸ்டிக் மீனை போட்டோவுக்குக் கீழ வெச்சா. அப்புறம் கட்டில்ல குந்தி முட்டியை நீவிகினே சொன்னா. "ஒரே ஒருவாட்டிதான்டி ஏழுன்னு சொல்லிகீறேன். உன் தோஸ்துங்க வந்துச்சே, அன்னிக்கி."

நான் கண்ணைத் தொடைச்சுகிட்டேன்.

"அழுவாத. அவங்க போனதும் கடலாண்ட போயி தம்பிகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். படிக்கிற பொண்ணு, அதுக்கோசரம் சொல்லிட்டேன், நீ கணக்குல சேக்காதடான்னு."

தைலம் எங்கன்னு கேட்டா. எடுத்துட்டு வந்து தரையில குந்தி, ரெண்டு முட்டிக்கும் தேச்சு விட்டேன்.